பெகி லீ: சில படங்கள், ஒரே ஒரு ஒப்பந்த வரி

பெகி லீ என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். குரல் புதிதாக இருக்காது. 'ஃபீவர்' என்று ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு உண்டு. விரல் சொடுக்கும் சத்தம், கொஞ்சம் டிரம், ஒரு பேஸ், அவ்வளவுதான் பக்கவாத்தியம். அதன்மேல் ஒரு பெண் குரலை உயர்த்தாமலே பாடிக்கொண்டு போவார். 1958இல் வந்த அந்தப் பதிவைப் பாடியவர்தான் பெகி லீ. இங்கே நாம் பார்க்கப்போவது அவருடைய பாட்டுகளை அல்ல, சினிமாவில் அவர் செய்ததை. அளவில் அது சிறியது. ஆனால் பாடுகிறவர், எழுதுகிறவர், டப்பிங் பேசுகிறவர் யாராக இருந்தாலும் அதிலிருந்து கையோடு எடுத்துக்கொண்டு போக ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில், யார் இவர்?

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் 1920இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் நார்மா டெலோரஸ் எக்ஸ்ட்ராம். ஜாஸ் உலகில் பெரிய பெயரான பென்னி குட்மேனின் இசைக்குழுவில் 1941இல் சேர்ந்தார். பாடுவதோடு பாட்டு எழுதவும் செய்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வழக்குக்கு அது முக்கியம்.

பாடகி எப்படித் திரைக்கு வந்தார்?

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிளப்பையோ நடன அரங்கத்தையோ காட்டுவார்கள். பிரபலமான இசைக்குழு ஒன்று முழுப் பாட்டை வாசித்து முடிக்கும். கதை அதுவரை காத்திருக்கும். 1943இல் வந்த 'ஸ்டேஜ் டோர் கேன்டீன்' படத்தில் குட்மேன் குழுவோடு பெகி லீ அப்படித்தான் வந்தார். பாடிய பாட்டு 'ஒய் டோன்ட் யூ டூ ரைட்'. 1988இல் வந்த 'ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்' படத்தில் ஜெசிகா ராபிட் என்ற கார்ட்டூன் அழகி மேடையில் நெளிந்து நெளிந்து பாடுவாளே, அதே பாட்டுதான். அங்கே பாடியது வேறு குரல்.

நடிக்கவும் செய்தாரா?

செய்தார். 1952 கடைசியில் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் டேனி தாமஸுக்கு ஜோடி. 1927இல் வந்த புகழ்பெற்ற பேசும்படத்தின் மறு ஆக்கம் அது. இயக்கியவர் 'காசாபிளாங்கா' எடுத்த மைக்கேல் கர்டிஸ். பெகி லீயின் 'லவர்' பாட்டு அதில் இருக்கிறது. அந்தப் பாட்டுக்காக வேண்டுமானால் பார்க்கலாம். படமாகப் பார்த்தால் சுமார்தான்.

உண்மையில் பார்க்க வேண்டிய நடிப்பு 1955இல் வந்த 'பீட் கெல்லிஸ் ப்ளூஸ்'. கதை 1927இல், கன்சாஸ் சிட்டியில் நடக்கிறது. மதுவிலக்கு இருந்த காலம், அதனால் ரவுடிகளின் ராஜ்ஜியம். ஜாக் வெப் அந்தப் படத்தை இயக்கி, ஒரு இசைக்குழுத் தலைவராக நடித்தும் இருக்கிறார். உள்ளூர் தாதா தன் ஆசைநாயகி ரோஸை அந்தக் குழுவில் பாடகியாகப் போடச் சொல்லி வற்புறுத்துகிறான். ரோஸ் குடிக்கு அடிமை. அவள்தான் பெகி லீ.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ரோஸ் போதையோடு மேடையேறுகிறாள். எதிரே இருக்கிற கூட்டம் அவளைக் கவனிக்காமல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. அவளால் பாட்டைப் பாடி முடிக்க முடியவில்லை. கூட்டம் மெய்மறந்து கேட்பதுதான் பெகி லீயின் நிஜ மேடை வாழ்க்கை. அவர் இங்கே சபையைப் பிடித்து நிறுத்தத் தெரியாத ஒருத்தியாக நிற்கிறார். நன்றாகப் பாடத் தெரிந்தவர் பாட்டு கைவிட்டுப் போவதை நடித்துக் காட்டுவது சுலபமான வேலை இல்லை. அதற்குப் பிறகு தாதா அவளை அடிக்கிறான், அவள் மாடிப்படியில் விழுகிறாள், கடைசியில் மனநல விடுதியில் குழந்தை போல ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த வேஷத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருதை வாங்கியது 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' படத்தில் நடித்த ஜோ வான் ஃப்ளீட்.

இதே படத்தில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் பாடுகிறார். ஜாஸ் ரசிகர்களுக்கு அது தனிச் சலுகை.

பரிந்துரைக்குப் பிறகு வாய்ப்புகள் குவிந்திருக்குமே என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கு ஈடான ஒரு வேஷம் பிறகு அமையவே இல்லை. மேடை, இசைத்தட்டு, தொலைக்காட்சி என்று அவர் தன் வழியில் போய்விட்டார். ஹாலிவுட்டுக்குத்தான் நஷ்டம் என்பது என் கட்சி.

அப்படியானால் சினிமாவில் அவர் பெயர் எதனால் நிற்கிறது?

அதே 1955 கோடையில் வந்த இன்னொரு படத்தால். டிஸ்னியின் 'லேடி அண்ட் தி டிராம்ப்'. வசதியான வீட்டில் வளரும் லேடி என்ற நாய்க்கும் தெருவில் திரியும் டிராம்ப் என்ற நாய்க்கும் காதல். ஒரே தட்டில் ஸ்பகெட்டி சாப்பிடும் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் படத்தின் பாடல்களைப் பெகி லீயும் சோனி பர்க்கும் சேர்ந்து எழுதினார்கள். அதோடு விடவில்லை. நான்கு பாத்திரங்களுக்குக் குரலும் கொடுத்தார்: லேடியின் எஜமானியம்மா, சை, ஆம் என்ற இரண்டு சயாமியப் பூனைகள், நாய்களைப் பிடித்து அடைக்கும் கொட்டடியில் இருக்கும் பெக் என்ற நாய். அந்த நாய்க்கு முதலில் வைத்திருந்த பெயர் மேமி. அப்போதைய ஜனாதிபதி ஐசனோவரின் மனைவி பெயரும் மேமி. நாய்க்கு அந்தப் பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும்? பெகியின் பெயரையே சுருக்கி வைத்துவிட்டார்கள்.

கதையிலும் அவர் கை உண்டு. டிரஸ்டி என்ற கிழட்டு மோப்ப நாய் வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுச் சாவதாகத்தான் முதலில் திட்டம். குழந்தைகள் தாங்க மாட்டார்கள், பிழைக்க வையுங்கள் என்று வால்ட் டிஸ்னியிடம் கேட்டுக்கொண்டவர் பெகி லீ. கடைசிக் காட்சியில் டிரஸ்டி காலில் கட்டோடு வருகிறதே, அது அவர் வாங்கிக் கொடுத்த உயிர்.

வீட்டில் குழந்தைகளோடு பார்க்கலாமா? தாராளமாக. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். சயாமியப் பூனைகளின் பாட்டு ஆசியர்களைக் கேலிச்சித்திரமாகக் காட்டுகிறது என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. அது நியாயமான விமர்சனம்தான். 2019இல் வந்த மறு ஆக்கத்தில் அந்தப் பாட்டையே எடுத்துவிட்டு வேறு பாட்டு வைத்தார்கள். குழந்தை கேட்டால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி வழக்குக்கு வருவோம். என்ன தகராறு?

1952இல் டிஸ்னியோடு பெகி லீ ஒப்பந்தம் போட்டார். வேலைக்குக் கிடைத்த சம்பளம் ஐயாயிரம் டாலருக்கும் குறைவு. 1987இல் டிஸ்னி அந்தப் படத்தை வீடியோ கேசட்டாக வெளியிட்டது. லட்சக்கணக்கில் விற்றது. கேசட்டுக்கு விளம்பரம் செய்து கொடுக்க பெகி லீயையே கூப்பிட்டார்கள். விற்பனையில் மட்டும் அவருக்குப் பங்கு இல்லை. 1988இல் வழக்குப் போட்டார்.

அவர் கையில் இருந்தது ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வரி. பொதுமக்களுக்கு விற்பதற்காக இசைத்தட்டோ பதிவுப் பிரதியோ தயாரிக்கும் உரிமையை இந்த ஒப்பந்தம் நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை என்பது அதன் சாரம்.

1952இல் வீடியோ கேசட்டே கிடையாதே, அதைப் பற்றி அந்த வரி எப்படிப் பேசும்? டிஸ்னியும் இதைத்தான் கேட்டது. கேசட் என்பது படத்தைக் காட்டும் இன்னொரு வழிதான், படம் எங்களுடையது என்று வாதாடியது. பெகி லீ தரப்பின் வாதம் எளிமையானது. தியேட்டரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பிரதி போட்டுக் கடையில் விற்கிறீர்கள். அதற்கு நான் அனுமதி தரவில்லை.

நீதிமன்றம் பெகி லீ பக்கம் நின்றது. 1991இல் அவருக்குக் கிடைத்த தொகை சுமார் 23 லட்சம் டாலர். அப்போது அவருக்கு எழுபது வயது, உடல்நிலையும் சரியில்லை. மேல்முறையீட்டிலும் டிஸ்னிக்குப் பலன் கிடைக்கவில்லை. 'ஸ்லீப்பிங் பியூட்டி' இளவரசிக்குக் குரல் கொடுத்த மேரி கோஸ்டாவும் இதே போல டிஸ்னிமேல் வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. பெகி லீ 2002இல் காலமானார்.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

நீங்கள் குறும்படத்துக்குப் பாட்டு எழுதலாம். பக்திப் பாடல் பாடலாம். ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுக்கலாம். யாரோ ஒரு தாளை நீட்டுவார்கள், நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். பெரும்பாலும் அதில் 'இப்போது இருக்கிற, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும்' என்று ஒரு தொடர் இருக்கும். சில அமெரிக்க ஒப்பந்தங்களில் 'பிரபஞ்சம் முழுவதும்' என்றுகூடப் போடுகிறார்கள். சந்திரனில் ஓடினாலும் காசு கிடையாது என்று பொருள்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? இங்கே பதிப்புரிமைச் சட்டம் (ஒருவருடைய படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டம்) 2012இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி, ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு உங்கள் உரிமை தானாகப் போய்விடாது. அந்த ஊடகத்தை ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். பெகி லீ வழக்கில் எழுந்த அதே கேள்விதான். இங்கே சட்டமே பதில் எழுதி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சினிமாப் பாட்டின் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், அது தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு வழிகளில் பயன்படும்போது ராயல்டி (பயன்பாட்டுக்கு ஏற்ப வரும் பங்குத்தொகை) பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆனால் பணம் தானாக வீடு தேடி வராது. ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்தில் உறுப்பினராகி, உங்கள் பாட்டுகளைப் பதிந்து வைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கால அளவே எழுதவில்லை என்றால்? ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே 'எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்' என்று யாராவது பேனாவால் சேர்த்தால் அது வெறும் சம்பிரதாயம் இல்லை. உங்களிடமிருந்து ஒன்றை எடுக்கிறார்கள். அதற்கு விலை கேட்கலாம்.

வாய்ப்பே போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கும். புதியவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். எல்லா வரியையும் எதிர்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. தியேட்டர், டிவி, ஓடிடி, யூடியூப் என்று எதற்கெல்லாம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'எழுதாதவை என்னிடமே இருக்கும்' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். குரல் வேலை என்றால் இன்று இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: என் குரலை வைத்துச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுப்பீர்களா? கொடுக்கக் கூடாது என்றால் அதைத் தாளில் எழுத வேண்டும். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். பெரிய தொகை சம்பந்தப்பட்டால் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். பெகி லீ வழக்குப் போட்டபோது அவருடைய ஒப்பந்தத்துக்கு வயது முப்பத்தாறு.