லயன் காம்பராவிலிருந்து சொந்தக் குடிமனைக்கு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக லயன் காம்பராக்களில் வாழ்ந்து வந்துள்ளனர். ஒரே கூரை, அதன்கீழ்ப் பல குடும்பங்கள். தம் காம்பரா ஒழுகினும் ஒரு குடும்பம் தனித்துச் செப்பனிடுதல் அரிது. நிலமும் சுவரும் தோட்டத்துக்கே உரியன. தமக்குரித்தல்லாத சுவரை எவர்தாம் முதலிட்டுத் திருத்துவர்? இதனைச் சோம்பல் என்பது பிழை.

2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன, உயிர்கள் மாண்டன. ஆபத்தான சரிவென அறிந்தும், வேறு காணியில்லாதார் எங்ஙனம் பெயர்வர்? ஆகவேதான் பாதுகாப்பான இடத்தில் ஏழு பேர்ச் காணி, அதற்கு உறுதி, தனிவீடு என்னும் கோரிக்கை எழுந்தது. பெருந்தோட்டப் பகுதிகளிற் புதிய கிராமங்களை அமைத்தற்கென 2018இல் ஓர் அதிகாரசபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது.

குடியிருப்போர் குரலின் வலிமைக்கு இங்கிலாந்தின் டேர்ஹாம் சுரங்கக் கிராமங்கள் சான்றாகும். நிலக்கரி குன்றுமென எண்ணி, அவற்றுட் பலவற்றில் மேலும் முதலிடலாகாதென 1951இல் திட்டம் வகுக்கப்பட்டது. ஊரவர் விடாது எதிர்த்தனர். 1977இல் அக்கொள்கை கைவிடப்பட்டது.

சபரகமுவவிலும் வீடு எழுந்தாற் போதாது. நிலத்தைத் தெரிவதிலும், வடிகாலும் பாதையும் வகுப்பதிலும் குடியிருப்போரே முன்னிற்றல் வேண்டும். உறுதி அவர்தம் கையிற் சேர்தல் வேண்டும்.