முன் சக்கர டிஸ்க் பிரேக் மாற்றுதல்

டிஸ்க் பிரேக் (வட்டு நிறுத்தி) என்பது சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் பேட்டுகளால் அழுத்திப் பிடித்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஆகும். மாருதி 800 போன்ற பழைய சிறு கார்களில் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் சக்கரங்களே செய்கின்றன. எனவே முன் பிரேக்குகள் விரைவில் தேய்கின்றன.

வட்டையும் மாற்ற வேண்டியது ஏன்?

பழைய கார்களில் பேட்டை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்த வட்டை அப்படியே விட்டுவிடுவது உண்டு. இது ஆபத்தானது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. வட்டு மெலிந்தால் அதே வெப்பத்தில் அது கூடுதலாகச் சூடேறும். அச்சூடு பிரேக் ஆயிலுக்கும் பரவும். புதிய டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205° செல்சியசு. நாளடைவில் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால் இது ஏறத்தாழ 140° வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதித்தாலும் பெடல் அழுத்தமின்றி உள்ளே போகும். நீண்ட மலை இறக்கங்களில் பிரேக் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் வட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, அதற்குக் கீழே இருந்தால் வட்டை மாற்ற வேண்டும். விரிசல், ஆழமான கீறல், மிதிக்கும்போது பெடலில் அதிர்வு ஆகியவையும் வட்டின் பழுதைக் காட்டலாம்.

மாற்றும் முறை

1. சமதளத்தில் கை பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது.

2. காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் தொங்கவிட்டால் அது சேதமடையும்.

3. பழைய வட்டைக் கழற்றி, ஹப்பின் முகத்தில் உள்ள துருவை முழுவதும் நீக்க வேண்டும். துரு மிஞ்சினால் புதிய வட்டு சாய்ந்து சுழன்று அதிர்வு தரும். சில பழைய கார்களில் வட்டு ஹப்பின் பின்புறம் பொருத்தப்பட்டிருப்பதால் ஹப்பையும் கழற்ற நேரும்.

4. புதிய வட்டில் பூசியுள்ள எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.

5. ஆயில் தொட்டி நிரம்பி வழியாதபடி கவனித்துக்கொண்டு, காலிப்பர் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளிப் புதிய பேட்டுகளைப் பொருத்த வேண்டும். காலிப்பர் நகரும் பின்களுக்கு மட்டும் அதற்குரிய கிரீஸ் இட வேண்டும். பேட்டின் உராயும் பரப்பில் சிறிதும் படக்கூடாது.

6. போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்கத்திற்கு முடுக்க வேண்டும்.

வட்டுகளையும் பேட்டுகளையும் இடம், வலம் இரண்டிலும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். இல்லையெனில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கவனிக்க வேண்டியவை

பழைய பேட்டுகளில் கல்நார் இருக்கலாம். அத்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. எனவே காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிகளில் பிரேக் பிடிக்காது. பின்னர் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, நெரிசலற்ற சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை மெதுவாக வேகம் குறைத்தால் பேட்டும் வட்டும் ஒன்றோடொன்று படியும்.