வெயில் நாட்டு விமானத்தில் பனிக்கட்டி எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. சுபாங்கிலிருந்து மூன்று சிறிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர்கள் வார நாள்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். பறப்பது அவர்களின் பொழுதுபோக்கு. ஈப்போவில் பசியாறிவிட்டு, மதிய இடிமழைக்கு முன் திரும்புவது திட்டம். நம் நாட்டில் இது புதிய பழக்கமல்ல. இன்றைய ராயல் சிலாங்கூர் பறக்கும் கழகத்தின் வரலாறு 1929இல் தொடங்குகிறது.

பத்தாங்காலி, ராசா தாண்டியதும் வலப்பக்கம் தித்திவாங்சா மலைத்தொடர் தெரிகிறது. அதன் அடிவாரத்தில் கோலகுபு பாரு. அருகிலேயே அம்பாங் பெச்சா. ‘உடைந்த அணை’ என்பது அந்தப் பெயரின் பொருள். 1883இல் அணை உடைந்து பழைய கோலகுபு நகரம் அழிந்தது. இடப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைத் தோட்டங்கள்.

அப்போது ஒரு விமானத்தின் இயந்திரச் சுற்றுவேகம் மெல்லக் குறைகிறது. எரிபொருள் நிறைய இருக்கிறது. எதுவும் உடையவில்லை. பிறகு என்ன காரணம்? பனிக்கட்டி!

வெளியே 25 பாகை செல்சியஸ் இருக்கும்போது பனிக்கட்டி எங்கிருந்து வந்தது? தாத்தாவின் பழைய காப்சாய் மோட்டாரில் உள்ளது போன்ற கார்புரேட்டர் பல சிறிய விமானங்களிலும் உண்டு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கருவி அது. அதன் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது, வெப்பநிலையும் இறங்குகிறது. அங்கேயே பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான உள்ளுறை வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும் இதனால்தான்.

இவ்விரண்டும் சேர்ந்தால் வெப்பநிலை 30 பாகைக்கும் மேல்கூட இறங்கலாம். நம் காற்றிலோ ஈரப்பதம் அதிகம். அந்த நீராவி கார்புரேட்டருக்குள் உறைந்து ஒட்டி, காற்றுப் பாதையை அடைக்கிறது. வீட்டுக் குளிர்பெட்டியில் உறைபனி படிவதைப் போலத்தான். தரையிறங்க வேகத்தைக் குறைக்கும்போது ஆபத்து இன்னும் கூடும். கிட்டத்தட்ட மூடிய தடுப்பிதழின் சிறு இடைவெளியைக் கொஞ்சம் பனியே அடைத்துவிடும்.

இதற்கு மருந்து, விமானி முன் உள்ள ஒரு கைப்பிடி. அதை இழுத்தால், சூடான புகைக்குழாயைச் சுற்றி வந்த வெப்பக் காற்று கார்புரேட்டருக்குள் நுழைந்து பனியை உருக்கும். ஆனால், உருகிய நீர் இயந்திரத்துக்குள் போவதால், அது முதலில் குலுங்கும். சுற்றுவேகம் மேலும் குறையும். ‘ஐயோ, தப்புச் செய்துவிட்டோம்’ என்று கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவதே புதியவர் செய்யும் தவறு. சற்றுப் பொறுத்தால் நீர் வெளியேறி இயந்திரம் சீராகும்.

தாமதமும் கூடாது. இயந்திரம் நின்றுவிட்டால் புகைக்குழாய் ஆறிவிடும். பிறகு பனியை உருக்க வெப்பமே இருக்காது. செஸ்னா 172 போன்ற விமானம் 3,000 அடி உயரத்திலிருந்து, இயந்திரமின்றிச் சுமார் 8 கிலோமீட்டர் மிதந்து செல்லும். கையில் இருப்பது ஏறத்தாழ நான்கு நிமிடம். கீழே செம்பனை மட்டுமே என்றால், இறங்க வெட்டவெளி கிடைப்பது அரிது.

1996 முதல் வெளிவந்த செஸ்னா 172 விமானங்களில் கார்புரேட்டர் இல்லை. எரிபொருள் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. ஆனாலும், பழைய விமானங்கள் இன்னும் பறக்கின்றன. அதனால்தான் அவற்றை ஓட்டுபவர்கள் ஒவ்வொரு முறையும் தரையைவிட்டுக் கிளம்புமுன் அந்தக் கைப்பிடியை இழுத்துச் சோதிக்கிறார்கள். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் சுற்றுவேகம் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால், வெப்பக் காற்று வரவில்லை என்று பொருள். அன்றைக்கு ஈப்போ பசியாறலும் இல்லை. பழுது பார்த்த பிறகே பயணம்.