மக்கர் செய்யும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முதலில் எங்கே கை வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. சிவப்பு வண்ணம் பளபளக்கும், இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய சின்னஞ்சிறு கார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது; எஞ்சின் மட்டும் எடுக்கவில்லை. சொந்தக்காரர் என்ன செய்கிறார்? புது பேட்டரி, புது காயில், புது பிளக் என்று வாங்கி வந்து மாட்டுகிறார். பணம் தண்ணீராய்க் கரைகிறது, கார் அசையவில்லை. கடைசியில் பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டில் கரி படிந்திருக்கிறது! மெல்லிய உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. எஞ்சின் உறுமி எழுகிறது.

பழைய கார் வாங்குகிறவர்களில் பலருக்கு நேரும் அனுபவம் இது. கோளாறு எது என்று கண்டுபிடிக்கும் முன்பே பாகங்களை மாற்றத் தொடங்குவதுதான் இவர்கள் செய்யும் முதல் தவறு. இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. கார் ஓடிவிட்டால் போதும் என்று, உயிருக்கு ஆபத்தான பகுதிகளைப் பார்க்காமல் விடுவது.

சென்னை ஹெரால்டின் உறவுக்காரர்

இத்தகைய கார்களில் உலகெங்கும் விரும்பப்படுவது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. நம்மவர்களுக்கு இந்தக் கார் அந்நியமல்ல. டிரையம்ப் ஹெரால்டு காரின் சேஸிஸைக் குட்டையாக்கி அதன் மீது எழுப்பியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதே ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாராகி நாடெங்கும் ஓடியது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு இருந்த ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தது சென்னைதான்!

ஆகவே ஹெரால்டில் கை பழகிய மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறந்ததும் பழைய சிநேகிதரைப் பார்த்தது போலிருக்கும். பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயரின் மீது உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி, இன்றும் வீட்டு வாசலில் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

எஞ்சின் எடுக்கவில்லையா?

எஞ்சின் ஓடத் தேவை இரண்டே: சரியான நேரத்தில் நெருப்புப் பொறி, சரியான அளவில் பெட்ரோல். இதில் எது இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு சேர்த்து எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். அருகில் பெட்ரோல் கசிவு இருக்கக்கூடாது. ஒயரை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. நீல நிறத்தில் பொறி பாய்ந்தால் மின்சாரம் சரி. பொறி இல்லாவிட்டாலோ, மங்கலாக மஞ்சளாக இருந்தாலோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டும்.

பாயிண்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கு. ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். பிளக் ஒயர்களைக் கழற்றினால் மாட்டும் வரிசை 1, 3, 4, 2 என்பதை மறக்கக்கூடாது. வரிசை தப்பினால் புது எஞ்சினும் எடுக்காது.

பொறி சரியாக இருந்தால் பெட்ரோலைப் பாருங்கள். எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் துடித்துத் துடித்து விழ வேண்டும். பல ஆண்டுகள் நின்றிருந்த காரானால், டாங்கியின் துரு குழாயை அடைத்திருக்கும். பெட்ரோல் வந்தும் எடுக்காவிட்டால் கார்புரேட்டரின் முறை. எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்"கென்று விழ வேண்டும். மெதுவாக இறங்கினாலோ, நடுவில் நின்றாலோ உள்ளே அழுக்கு.

கொஞ்ச தூரம் ஓடி நின்றால்...

அரை மணி ஓடியபின் நின்றுபோய், ஆறியதும் மீண்டும் எடுக்கிறதா? கண்டென்சர் மீது சந்தேகம் கொள்ளலாம். விலை மலிவான அந்தச் சின்னக் குப்பி சூடேறினால் வேலைநிறுத்தம் செய்யும். அதை மாற்றுவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கார் நின்றதும் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகிப் பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. கோளாறு அங்கேயே தீர்ந்தது.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் ரேடியேட்டரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்து, பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். பாதி டாங்கிதான் பெட்ரோல் இருக்கிறது. ஆனால் அதுவும் நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறதா? அப்படியானால் இரண்டு முட்களும் சேர்ந்து பொய் சொல்கின்றன. 1960களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த கார்களில் இரண்டுக்கும் 10 வோல்ட் மின்சாரம் தரும் ஸ்டெபிலைசர் ஒன்றே. தீப்பெட்டியைவிடச் சிறிய அதை மாற்றினால் போதும். ஒரு முள் மட்டும் ஏறினால்தான் தண்ணீர், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பேட்டரி மாட்டும்போதும் கவனம் தேவை. 1967-க்கு முந்திய ஸ்பிட்ஃபயர்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டினால் கேடு விளையும். விளக்குகள் மங்கி மினுக்கினால், பெரும்பாலும் பாடியோடு சேரும் இணைப்பில் துரு ஏறியிருக்கும். சுரண்டித் துடைத்து இறுக்கினால் சரியாகும்.

பெட்ரோல் விஷயத்தில் காலம் மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் மென்மையாக்கி வெடிக்கச் செய்யும். சூடான எஞ்சின் மீது பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? கார் வாங்கிய வாரமே குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுவது நல்லது.

எண்ணெயா, கிரீஸா?

இதுவரை சொன்ன கோளாறுகளால் வழியில் நிற்க நேரும், அவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது வேறு ரகம்.

முன் சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் டிரனியன் என்னும் வெண்கலப் பாகம் இருக்கிறது. அதற்குள் மரை போட்ட எஃகுத் தண்டு இறங்கியிருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரைக்குள் திரும்புகிறது. காரின் முன்பாரம் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. இதற்கு விட வேண்டியது இ.பி. 90 என்னும் கெட்டியான கியர் ஆயில். ஆனால் அங்கே நிப்பிளைப் பார்த்ததும் கை தானாகக் கிரீஸ் கன்னைத் தேடுகிறது! கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் சரியாகப் பரவுவதில்லை. நாளடைவில் இறுகியும் விடும். தண்ணீர் புகுந்து எஃகை அரிக்கும். வெளியே பார்த்தால் கிரீஸ் பூசி அழகாக இருக்கும். உள்ளே தண்டு இளைத்துக்கொண்டே வரும். ஒரு நாள், திருப்பத்தில் மெதுவாகத் திரும்பும்போது, தண்டு முறிந்து சக்கரம் மடங்கி விழும். வேகமாகப் போகும்போது முறிந்தால்?

ஹெரால்டிலும் இதே அமைப்புதான். எனவே புதிதாக வாங்கிய காரில் டிரனியனைப் பிரித்து, தண்டின் மரையை வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். குழி விழுந்திருந்தால் தயக்கமின்றி மாற்ற வேண்டும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, எண்ணெய் கசிந்து வெளியே வரும்வரை செலுத்த வேண்டும். ஒரு லிட்டர் கியர் ஆயில் பல ஆண்டுகளுக்கு வரும்!

பிரேக் அடுத்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டு சூடேறினால், ரப்பர் குழாய் உள்ளுக்குள் வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் தடுத்திருக்கலாம். குழாய் வெளியே புதிதுபோல் தோன்றும், ஏமாறக்கூடாது.

வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால், 1970-க்கு முந்திய ஸ்பிட்ஃபயர்களில் பின்பக்கம் வழுக்கும். இது கோளாறல்ல, பின் ஆக்ஸிலின் அமைப்பே அப்படி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து.

கிளட்சை மிதித்துப் பாருங்கள்

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் எஞ்சின் முன்னாலுள்ள பெல்ட் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், கிராங்க் தண்டைத் தாங்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். இப்போதே மாற்றினால் சின்னச் செலவு. அவை கழன்று விழுந்தால் எஞ்சினே போச்சு. காரை விலை பேசும்போதே செய்ய வேண்டிய சோதனை இது.

கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். மேல்பக்கம் இடைவெளி குறுகி உரசினால், கதவுக்கு அடியிலுள்ள நீளப் பெட்டிகள் துருப்பிடித்துக் கார் நடுவில் தொய்கிறது. ஸ்பிட்ஃபயரின் பலமே அந்தப் பெட்டிகளில்தான். அங்கே புட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

ஆசைப்பட்டுக் கார் வாங்குகிறவர் ஒருவர். அதனடியில் படுத்து நட்டைத் திருகுகிறவர் மற்றொருவர். கார் ஓடாவிட்டால் முதல்வருக்குப் பணம் நஷ்டம். சக்கரம் மடங்கினால் இருவருக்கும் நஷ்டம். ஒருவருக்கு உயிர், மற்றவருக்குப் பெயர். எடுக்காத எஞ்சினை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். டிரனியனையும் பிரேக்கையும் பெட்ரோல் குழாயையும் மட்டும் நாளைக்கு என்று தள்ளக்கூடாது. எஞ்சின் எடுத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் சாலைக்குப் போகும் முன், கிரீஸ் கன்னைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுங்கள்.