தேனிலவுத் தம்பதியர் அலுவிகாரையில் தங்குவார்களா?

கண்டியிலிருந்து சீகிரியா செல்லும் புதுமணத் தம்பதியர் பலர் ஏ-9 வீதியில், மாத்தளையை அடுத்துள்ள அலுவிகாரையைக் கடந்தே போகின்றனர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் எழுத்தில் பதியப்பட்ட குகை விகாரையைப் பார்த்துவிட்டு, வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் சிறிது நேரம் நிற்கின்றனர். ஆனால் இரவு தங்குவதும் பணம் செலவிடுவதும் வேறு ஊர்களில்தான்.

காரணம் என்ன? சாரதிக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் கொமிஷனைச் சில தோட்டங்கள் எண்ணெய்ப் போத்தலின் விலையில் ஏற்றிவிடுகின்றன. ஏமாந்தவர் திரும்ப வருவதில்லை. வர நினைப்பவரையும் தடுக்கிறார்.

தேனிலவுக்கு வருபவர் மாளிகை கேட்பதில்லை. சுத்தமான அறை, மிளகுக் கொடியருகே இருவருக்கு ஒரு மேசை, ஏலமும் கறுவாவும் மணக்கும் சோறு, எழுதி ஒட்டிய விலைப்பட்டியல் போதும். வீட்டில் மேலதிக அறைகள் உள்ளவர்கள் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிவு செய்யலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்து, முப்பது பேருடன் எளிமையாகத் திருமணம் முடிக்க விரும்பும் குடும்பங்களுக்கும் இத்தகைய தோட்டம் பொருந்தும். விருந்தினர் கையில் கராம்பு, சாதிக்காய்ப் பொதியொன்றைக் கொடுத்தனுப்பினால் அதுவும் ஒரு வியாபாரமே. வர்த்தக அன்பர்களே, முதலில் விலைப்பலகையை மாட்டுங்கள்!