வெள்ளைக் கோடு சொல்லும் கதை

சிலேட்டில் பலப்பத்தால் எழுதியிருக்கிறீர்களா? எழுதும்போது சிலேட்டு தேய்வதில்லை, பலப்பம்தான் தேய்கிறது. தேய்ந்த தூள் சிலேட்டில் ஒட்டிக்கொண்டு எழுத்தாகத் தெரிகிறது. நெடுங்காலமாகப் பலப்பம் செய்யப் பயன்பட்ட கற்களுள் ஒன்று மாக்கல். தொட்டால் சோப்பைப் போல வழவழப்பாக இருக்கும். நம் பாட்டிமார் வத்தக்குழம்பு வைத்த கல்சட்டியும் இந்தக் கல்லில் குடைந்ததே. சேலம் பகுதி கல்சட்டிக்குப் பெயர் பெற்றது.

எழுதினாலே தேய்ந்துபோகும் இந்தக் கல்லின் இனத்தைக் கொண்டு சமையலறை மேடை அமைத்தால் என்ன ஆகும்? கத்தி பட்டால் கோடு. பாத்திரத்தை இழுத்தால் கீறல். 'யாராவது அப்படிச் செய்வார்களா?' என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட், விர்ஜினியா மாநிலங்களில் மாக்கல்லை வெட்டியெடுத்து, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பாத்திரம் கழுவும் தொட்டிகளும் மேடைகளும் செய்தனர். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றுள் பல பயன்பாட்டில் உள்ளன. எளிதில் கீறக்கூடிய கல் இவ்வளவு காலம் உழைப்பது எப்படி? இந்தப் புதிருக்கு விடை காண்போம்.

யார் யாரைக் கீறுவார்?

ஒரு பொருள் கடினமானதா, மென்மையானதா என்று எப்படிச் சொல்வது? ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812இல் ஒரு எளிய வழியைக் கண்டார். இரண்டு கனிமங்களை உரசுங்கள். எது கீறுகிறதோ அது கடினமானது. எது கீறப்படுகிறதோ அது மென்மையானது. இவ்வாறு பத்துக் கனிமங்களை அவர் வரிசைப்படுத்தினார். முதல் படியில் டால்க், மூன்றாம் படியில் கால்சைட், ஏழாம் படியில் குவார்ட்ஸ், ஒன்பதாம் படியில் மாணிக்கக் கல்லின் இனமான குருந்தம், பத்தாம் படியில் வைரம்.

நம் விரல் நகம் இந்த அளவில் ஏறக்குறைய 2.5, செப்புக் கம்பி 3, எஃகுக் கத்தி 5.5 அல்லது சற்று மேல். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இவை படிகளின் எண்களே தவிர, சம இடைவெளி உள்ள அளவுகள் அல்ல. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு, மற்றப் படிகளுக்கு இடையே உள்ளதைவிட மிகப் பெரியது.

மாக்கல்லின் முக்கியக் கனிமம் டால்க். அதாவது, அளவுகோலின் கடைசி மாணவன்! ஆனால் மாக்கல் முழுவதும் டால்க் அன்று. குளோரைட், மாக்னசைட், ஆம்பிபோல் போன்ற கடினமான கனிமங்களும் அதில் கலந்துள்ளன. டால்க் மிகுந்த கல்லைச் சிற்பம் செதுக்கத் தேர்ந்தெடுப்பர். டால்க் குறைந்த கல்லை மேடைக்குத் தேர்ந்தெடுப்பர். அப்படியும் கத்தி முனைக்கு முன் அது தோற்றுத்தான் போகும்.

சீட்டுக்கட்டு போன்ற கனிமம்

டால்க் ஏன் இவ்வளவு மென்மை? மெக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவை சேர்ந்து உருவான கனிமம் அது. அதன் அணுக்கள் அடுக்கடுக்கான தகடுகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் அணுக்கள் உறுதியாகப் பிணைந்திருக்கின்றன. ஆனால் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே மின்னூட்டம் எதுவும் இல்லை. வான் டெர் வால்ஸ் விசை எனப்படும் மெல்லிய ஈர்ப்பு மட்டுமே அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது.

ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். சீட்டுகள் கிழிவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. டால்க்கிலும் நடப்பது இதுவே. கையில் உணரும் வழவழப்புக்கும், கத்தி பட்டால் விழும் கோட்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

கோடு ஏன் வெள்ளை?

கல்லோ கருஞ்சாம்பல் நிறம், கீறலோ வெள்ளை. இந்த நிறம் எங்கிருந்து வந்தது? கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமாக உள்ளவரை பலகை கறுப்பாகப் பளிச்சிடும். உலர்ந்ததும் மங்கலான வெண்மை திரும்பிவிடும். தூள் எங்கும் போகவில்லை. நம் கண்ணுக்கு மறைந்திருந்தது, அவ்வளவே.

கீறல் விழுந்த இடத்தில் கல் நுண்ணிய தூளாகவும் செதில்களாகவும் நொறுங்குகிறது. அவற்றுக்கிடையே காற்று புகுந்துகொள்கிறது. ஒளி காற்றிலிருந்து செதிலுக்கும், செதிலிலிருந்து காற்றுக்கும் மாறி மாறிச் செல்லும்போது ஒவ்வொரு முறையும் எதிரொளித்துச் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஒன்றாகச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

அங்கே ஒரு துளி எண்ணெய் தடவினால்? காற்று இருந்த இடத்தை எண்ணெய் நிரப்புகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1; எண்ணெய்க்குச் சுமார் 1.47, டால்க்குக்கு 1.54 முதல் 1.6 வரை. எண்ணெயும் டால்க்கும் நெருங்கிய எண்கள் உடையவை. எனவே ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே சென்றுவிடுகிறது. கீறல் கண்ணுக்கு மறைகிறது. தண்ணீரும் இதைச் செய்யும். ஆனால் தண்ணீர் உலர்ந்துவிடும், எண்ணெய் தங்கும். மாக்கல் மேடை உள்ளவர்கள் அவ்வப்போது அதன்மேல் கனிம எண்ணெய் பூசும் இரகசியம் இதுதான். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். கனிம எண்ணெய் அப்படி ஆவதில்லை.

ஆழமான கீறல் எண்ணெய்க்கு அடங்காது. அதற்கு உப்புத்தாள் வேண்டும். முதலில் 120ஆம் எண் தாள், பிறகு 220ஆம் எண் தாள் என்று நீர் தெளித்து வட்ட வட்டமாகத் தேய்ப்பார்கள். உப்புத்தாளில் உள்ள அலுமினியம் ஆக்சைடு மோஸ் வரிசையில் ஒன்பதாம் படி. அதன் முன் மாக்கல் எளிதில் பணிகிறது. கீறலை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். ஆகவே சுற்றிலும் அகலமாகத் தேய்த்துச் சரிவாக்கிவிடுவார்கள். எளிதில் கீறும் கல், எளிதில் சீராகவும் ஆகிறது! எந்த மென்மை கீறலுக்குக் காரணமோ, அதே மென்மைதான் அதற்கு மருந்தும்.

எல்லாக் கோடும் கீறல் அன்று என்பதையும் கவனியுங்கள். அலுமினியப் பாத்திரத்தை இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். இங்கே தேய்ந்தது கல் அன்று, பாத்திரம். கல்லில் உள்ள கடினமான துகள்கள் அரம்போல அலுமினியத்தைச் சுரண்டியுள்ளன. இத்தகைய கோடு, பாத்திரம் துலக்கும் தூளால் தேய்த்தால் போய்விடும்.

மென்மையின் மறுபக்கம்

நம் ஊர்ச் சமையல் மேடைகளில் கடப்பைக் கல் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புக்கல். புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் அமிலம் கால்சியம் கார்பனேட்டை அரித்துவிடும். அந்த இடம் பளபளப்பு இழந்து மங்கும். சலவைக்கல்லுக்கும் இதே கதி. டால்க்கோ இத்தகைய அமிலங்களுக்கு அசைவதில்லை. அதனால்தான் வேதியியல் ஆய்வகங்களில் மேசைக்கும் தொட்டிக்கும் மாக்கல்லைத் தேர்ந்தெடுத்தனர்.

வெப்பத்துக்கும் அது அஞ்சாது. 800 டிகிரி செல்சியஸ் வரை டால்க் சிதைவதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே மேடைமேல் வைக்கலாம். அதற்கும் மேலே சூடாக்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. டால்க் தன்னுள் இருக்கும் நீரை இழந்து, வேறு கனிமங்களாக மாறிக் கடினமாகிவிடும். சிந்துவெளி மக்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தனர். மென்மையான மாக்கல்லில் முத்திரைகளைச் செதுக்கி, பின் சூளையில் சுட்டனர். நான்காயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்த முத்திரைகளில் எருதின் கழுத்து மடிப்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. 1117இல் தொடங்கிய பேலூர்ச் சென்னகேசவர் கோயிலின் நுணுக்கமான சிற்பங்களும் மாக்கல் இனக் கல்லில் செதுக்கியவையே.

கடினத்துக்கும் ஒரு விலை உண்டு

'கீறலே விழாத மேடை வேண்டும்' என்று பலர் இன்று செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை நாடுகின்றனர். குவார்ட்ஸ் தூளைப் பிசினுடன் கலந்து அழுத்திச் செய்வது அது. கத்தி அதைக் கீறாது. ஆனால் மிகச் சூடான பாத்திரம் வைத்தால் பிசின் கெட்டு, ஆறாத வடு விழும். இதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. அதை வெட்டும்போது பறக்கும் குவார்ட்ஸ் தூசி தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. இந்த நோய் வந்தால் முற்றிலும் குணமாவதில்லை. இளம் தொழிலாளர் பலர் பாதிக்கப்பட்டதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இத்தகைய பலகைகளைத் தடை செய்தது.

அப்படியானால் மாக்கல் தூசி தீங்கற்றதா? அதுவும் அன்று. சில இடத்து மாக்கல்லில் கல்நார் இழைகள் கலந்திருக்கக்கூடும். எந்தக் கல் தூசியானாலும் மூச்சில் ஏறக்கூடாது. ஆகவேதான் நீர் தெளித்துத் தேய்ப்பதும், முகமூடி அணிவதும்.

செய்து பாருங்கள்

ஒரு பலப்பம், ஒரு சலவைக்கல் துண்டு, ஒரு கருங்கல் ஜல்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நகம், செப்புக் கம்பி, இரும்பு ஆணி ஆகியவற்றால் வரிசையாகக் கீறுங்கள். விழுந்த கோட்டை ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு அப்படியே இருந்தால் அது கீறல்; அழிந்தால் அது கீறிய பொருள் விட்டுச்சென்ற தூள். பின்னர் கீறல்மேல் ஒரு துளி எண்ணெய் வைத்து, வெண்மை என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக மூன்றின்மேலும் எலுமிச்சைச் சாறு விட்டு, எதில் குமிழி வருகிறது என்று உற்றுப் பாருங்கள். பலப்பத்திலும் குமிழி வந்தால் அது மாக்கல்லால் ஆனதன்று. சுண்ணாம்பு கலந்தது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் கல்சட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். உட்புறம் முழுவதும் கரண்டிக் கோடுகள் இருக்கும். ஆயினும் கல் கறுத்து, எண்ணெய் ஊறி மின்னும். அந்தக் கோடுகளால் சட்டி கெட்டுப்போகவில்லை. அத்தனை வேளையும் அது சோறு போட்டிருக்கிறது என்பதற்கு அவை கணக்கு.