உணர்விழந்த பாதத்துக்கு ஒரு செருப்பு

மேலநீலிதநல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் சென்ற கோடையில் பாதத்தில் புண்ணுடன் எங்களிடம் வந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. புண்ணைச் சுத்தம் செய்தபோது உள்ளே ஒடிந்து கிடந்த சீமைக் கருவேல முள் வெளியே வந்தது. அது என்றைக்குக் குத்தியது என்பது அவருக்குத் தெரியவில்லை. "வலிக்கவே இல்லையே சார்" என்றார்.

அந்த வலியின்மைதான் நோய். இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் பழுதுபட்டு, விரல் நுனியில் தொடங்கி, பாதம் சிறிது சிறிதாக மரத்துப் போகிறது. உணர்வுள்ளவர் கல் உறுத்தினால் தம்மை அறியாமலே காலைச் சாய்த்து நடப்பார். உணர்விழந்தவரோ அதே இடத்தில் அழுத்தி அழுத்தி நடந்துகொண்டே இருப்பார். அவ்விடத்தில் தோல் தடித்து, அதன் அடியில் இரத்தம் கசிந்து, ஒருநாள் புண்ணாக வெடிக்கும்.

இந்த உண்மை தெளிவுபட்டது தொழுநோயாளரிடத்தில். அதுவும் நம் மாநிலத்தில். கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயரான மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயே விரல்களை அழுகச் செய்கிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். உணர்வின்மையால் கவனிக்கப்படாத காயங்களும் ஓயாத அழுத்தமுமே கை கால்களைச் சிதைக்கின்றன என்று அவரும் உடன் பணியாற்றியோரும் நிறுவினர். அப்படியானால் மருந்து மட்டும் போதாது. நல்ல செருப்பும் வேண்டும். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் மருத்துவர்களும் செருப்புத் தைக்கும் கைவினைஞர்களும் கூடி முயன்ற முயற்சியில் உருப்பெற்றதே இன்று எம்.சி.ஆர். செருப்பு என வழங்குவது.

அதைக் கையிலெடுத்துப் பாருங்கள். உட்புற அட்டை, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். அது பாதத்துக்கேற்ப அமுங்கி, ஓரிடத்தில் விழும் எடையைப் பரவலாக்குகிறது. அடிப்புற ரப்பர் கடினமானது. முள் எளிதில் ஏறாது. கட்டைவிரலிடுக்கில் பற்றிக்கொள்ளும் வார் இல்லை; குதிகாலைச் சுற்றிப் பின்வார் உண்டு, ஏனெனில் மரத்த பாதத்திலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது. ஆணி ஒன்றுகூட அடிக்கப்படுவதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சிந்தித்துச் செய்த செருப்புக்கும் ஓர் இடர் வந்தது. அதன் தோற்றமே தொழுநோயின் அடையாளமாகிப் போனதால் பலர் அணியக் கூசினர். பின்னர், கடையில் விற்கும் செருப்பைப் போலவே தோன்றும்படி வார்களின் நிறமும் அமைப்பும் மாற்றப்பட்டன. செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாதத்தைப் பார்த்தவர்கள் ஊராரின் பார்வையை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நாங்களும் அதே தவற்றைச் செய்தோம். அந்த விவசாயிக்குப் புண் ஆறிய பின் கொடுத்த செருப்பு மூன்று மாதம் கழித்தும் புதிதாகவே இருந்தது. மருத்துவமனைக்கு வரும் நாளில் மட்டும் அணிந்திருக்கிறார். தேநீர்க் கடையில் யாரோ "என்ன நோய்?" என்று கேட்டுவிட்டார்களாம். வீட்டுக்குள் செருப்பணியும் வழக்கமும் இல்லை. இவற்றை முன்பே கேட்டறியாதது எங்கள் பிழை.

ஜெய்ப்பூர் செயற்கைக் காலின் வரலாறும் இதையே காட்டுகிறது. பாதணியோடு நடக்கும் நாட்டினருக்கென அமைந்த செயற்கைக் கால்களால் சம்மணமிடவோ குத்துக்காலிடவோ இயலவில்லை. 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர்ப் பாதத்தில், வெறுங்காலுடன் சேற்று வயலிலும் இறங்க முடிந்தது. 1981இல் விபத்துக்குப் பின் காலை இழந்த சுதா சந்திரன் மீண்டும் பரதம் ஆடியது அந்தக் காலுடன்தான்.

இப்போது வாரின் நிறத்தை நோயாளரே தேர்ந்தெடுக்கிறார். வீட்டுக்குள் அணிய இன்னொரு இணையையும் பரிந்துரைக்கிறோம். புதுச் செருப்பை முதலில் அரைமணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தில் எங்கேனும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அணியுமுன் ஒருமுறை உதறுங்கள். மாலைதோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டார் துணையுடனோ பார்ப்பது அவசியம். ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் செல்வோர், வெறுங்காலுடன் நடக்க வேண்டிய இடங்களில் வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது. சுட்ட கல் கொப்புளமாகும் வரை தெரியாது. புண் இருக்கும்போது எந்தச் செருப்பும் போதாது. நடையைக் குறைத்து உடனே வாருங்கள்.

அந்தப் பெரியவர் பழுப்பு நிற வார் வைத்ததைக் கேட்டு வாங்கினார். சென்ற மாதம் அதன் உட்புறம், பெருவிரலின் அடியில், நன்றாகத் தேய்ந்திருந்தது. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை அத்தேய்மானம் எங்களுக்குக் காட்டியது. அங்கே ரப்பரை மாற்றித் தந்தோம். அடுத்த முறை வரும்போது நீங்களும் வீட்டில் அணியும் செருப்பையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.